640 பவுண்டு போச்சு: ஓல்ட் டிராஃபோர்டுல ‘லாங்ஸைடு’ சீட்டு வாங்கப் போறவங்க இதப் படிச்சிட்டு வாங்குங்க

640 பவுண்டு. ஓல்ட் டிராஃபோர்டுல, அதான் மான்செஸ்டர் யுனைடெட் ஃபுட்பால் கிளப்போட ஸ்டேடியத்துல, ரெண்டே ரெண்டு டிக்கெட்டுக்கு. நம்மூர் காசுல எழுபதாயிரத்துக்கு மேல. இன்னிக்குக் காலைலதான் அந்த ரீசேல் சைட்டுல இருந்து "உங்க கேஸ் முடிக்கப்பட்டது"ன்னு மெயில் வந்துச்சு, படிச்சதுல இருந்து வயிறு எரியுது. அப்பா அம்மாவ, ஊர்ல இருந்து வர்ற சொந்தக்காரங்கள மேட்சுக்கு கூட்டிட்டுப் போற ஐடியா இருந்தா பணம் கட்றதுக்கு முன்னாடி இத முழுசா படிங்க. எந்தப் பக்கம் சீட்டு நல்லது, எப்படி வாங்கணும்னும் கீழ சொல்றேன்.

அப்பா வியாசர்பாடிக்காரர். வெறுங்கால்ல ஃபுட்பால் ஆடி வளர்ந்த ஆளு. அந்தக் காலத்து யுனைடெட் ஆட்டக்காரங்க ஜார்ஜ் பெஸ்ட், பாபி சார்ல்டன், டெனிஸ் லா பேரெல்லாம் எனக்கு ஸ்கூல் பாடத்துக்கு முன்னாடியே அவர்தான் சொல்லிக் கொடுத்தாரு. முதல் தடவையா இங்க இங்கிலாந்துக்கு வந்திருக்காரு, முட்டி வலி வேற, படி ஏறுறது கஷ்டம். அதனால எனக்கு வேண்டியது ரெண்டே விஷயம்: கீழ் அடுக்கு, நடுக்கோட்டுப் பக்கம், ரெண்டு பேரும் சேந்து உக்காரணும். மூணாச்சு, சரி, மூணும் வேணும்.

கிளப் மெம்பர்ஷிப் வழியா பாத்தேன், அப்பா இருக்குற தேதிகள்ல ரெண்டு சீட்டு சேந்து எதுவுமே கிடைக்கல. அப்பதான் இந்த சைட்டு. பேரு சொல்லல, டிக்கெட்ட மறுபடி விக்கிறவங்களையும் வாங்குறவங்களையும் சேத்து வைக்கிற டைப், தேடினா மேலயே வந்து நிக்கும். அதுல "லாங்ஸைடு லோயர், ரெண்டு சீட்டு சேந்து"ன்னு (அதாவது மைதானத்தோட நீளப் பக்கம், கீழ் அடுக்கு) போட்டு, பக்கத்துல ஒரு போட்டோ. டக்அவுட் (கோச்சும் மாத்து ஆட்டக்காரங்களும் உக்கார்ற இடம்) கைக்கெட்டுற தூரத்துல, நடுவட்டம் நேரா எதிர்ல. அத அப்பாகிட்ட காமிச்சேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஃபோன வாங்கி ரெண்டு விரலால பெருசாக்கிப் பாத்துட்டு, "இங்கேர்ந்து பாத்தா பூட்ஸு லேஸு கூட தெரியும்டா"ன்னாரு. அந்த மூஞ்சியப் பாத்தப்புறம் எவன் வெலைய பாப்பான்?

அப்படியும் நான் சும்மா கட்டல. சாட்ல ஆள் வந்தாங்க, வயசானவர், முட்டி வலி, படி ஏற முடியாதுன்னு தெளிவா எழுதிக் கேட்டேன். "கீழ் அடுக்குதான், படி கொஞ்சம்தான், அப்பாவோட நல்லா என்ஜாய் பண்ணுங்க, எங்க கேரண்டி இருக்கு"ன்னு பதில். அப்பா பேர் கூட கேட்டாங்க. அவ்ளோ தன்மையா பேசினாங்க. கட்டினேன் 640.

பிளாக் நம்பர், ரோ நம்பர் எதுவும் குடுக்கல, மேட்சுக்கு முந்தின ராத்திரி வரும்னாங்க. ராத்திரி பதினோரு மணிக்கு மேலதான் வந்துச்சு. தெறந்து பாத்தா சர் அலெக்ஸ் ஃபெர்குசன் ஸ்டாண்டு, மூணாவது அடுக்கு, ஓரத்து மூலை, அதுவும் ரெண்டு சீட்டும் வேற வேற ரோ. சாட்டைத் தொறந்தா யாரும் இல்ல, "அலுவலக நேரத்தில் தொடர்பு கொள்ளவும்".

அந்த ஸ்டேடியம் தெரியாதவங்களுக்காக சொல்றேன். கிட்டத்தட்ட 74,000 பேர் உக்கார்ற இடம். தெற்குப் பக்கம் சர் பாபி சார்ல்டன் ஸ்டாண்டு, பின்னாடி ரயில் லைன் போறதால அத மத்த பக்கம் மாதிரி ஒசத்திக் கட்டல, டக்அவுட்டு இருக்குறதும் அங்கதான். அதுக்கு நேர் எதிர்ல இருக்குறதுதான் ஃபெர்குசன் ஸ்டாண்டு, மூணு அடுக்கு, மேல் அடுக்கு படி மொட்ட மாடி ஏணி மாதிரி செங்குத்தா இருக்கும். எனக்குக் காட்டின போட்டோ ஒரு பக்கம், குடுத்த சீட்டு அதுக்கு நேர் எதிர்ப் பக்கத்து உச்சி.

அப்பா ஏறினாரு. கம்பியப் புடிச்சுக்கிட்டு, ஒரு கால வெச்சு அதே படியில இன்னொரு கால வெச்சு, திருப்பத்துக்குத் திருப்பம் நின்னு நின்னு. "இன்னும் எவ்ளோடா?" "வந்துட்டோம்ப்பா, இதோ." பின்னால வர்றவங்களுக்கெல்லாம் செவுத்தோரம் ஒதுங்கி வழி விட்டுக்கிட்டே ஏறினாரு. மேல போனா ரெண்டு பேரும் வேற வேற ரோ. பக்கத்துல இருந்த ஒரு பெரியவர், உள்ளூர்க்காரர், பாத்துட்டு தானா எந்திரிச்சு எனக்கு எடம் மாத்திக் குடுத்தாரு. காசு வாங்கினவன் செய்யாதத அந்த மனுசன் செஞ்சாரு, அவருக்குக் கோடி கும்பிடு. அப்பா ஒரு வார்த்தை கொற சொல்லல, எனக்குத்தான் மேட்ச்சே மனசுல ஒட்டல.

இப்ப கேளுங்க அவங்க பதில. மொதல்ல, "உள்ள போயிட்டீங்க இல்ல, அப்ப டிக்கெட் செல்லும்." கீழ் அடுக்குன்னு போட்டிருந்தீங்களேன்னு ஸ்கிரீன்ஷாட் அனுப்புனா, "விக்கிறவர் அதே பிரிவுல வேற சீட்டு மாத்திக் குடுக்கலாம், லாங்ஸைடுங்கறது நீளப் பக்கத்து ஸ்டாண்டு ரெண்டையும் குறிக்கும்." சேந்துன்னு சொன்னீங்களேன்னா, "ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் உக்காந்தாலும் சேந்துதான்." சாட்ல எழுத்துல குடுத்த வாக்கு? "சாட்ல சொல்றது விதிமுறைல சேராது." கடைசியா ஆறுதலுக்கு, அடுத்த டிக்கெட்டுக்கு பத்து பர்சென்ட் கூப்பன். அப்பாவ படி ஏத்திக் கொன்னுட்டு கூப்பன் குடுக்குறானுங்க! பேங்க்ல கேட்டா, டெபிட் கார்டு, டிக்கெட் கேட்ல ஸ்கேன் ஆயிருக்கு, அதனால பணம் திரும்புறது கஷ்டம்ங்கறாங்க.

2024-25 சீசன் நடுவுல அங்க மெம்பர் டிக்கெட்ட 66 பவுண்டுக்கு ஏத்துனதுக்கே ரசிகர்கள் போராட்டம் பண்ணாங்க. எங்கிட்ட ஒரு சீட்டுக்கு 320 வாங்கியிருக்கானுங்க, யாரும் கேக்கல. இத்தனைக்கும் இங்கிலாந்துல கிளப் அனுமதி இல்லாம ஃபுட்பால் டிக்கெட்ட விக்கிறது 1994 சட்டப்படி குற்றம்.

எப்படி வாங்கணும்னு சொல்றேன்னேன், இப்ப நிதானமா எழுதுற மனநிலை இல்ல. பிளாக், ரோ, சீட்டு நம்பர் மூணும் கைல வராம ஒரு பைசா கட்டாதீங்க. லாங்ஸைடு, கேட்டகரி ஒன்னுன்னு இந்த மாதிரி சைட்டுல போடுற பேரையெல்லாம் நம்பாதீங்க. வயசானவங்க இருந்தா கோல் போஸ்டுக்குப் பின்னாடி மேற்குப் பக்கம் இருக்குற ஸ்ட்ரெட்ஃபோர்ட் எண்டு ஸ்டாண்டு வேணாம், பாட்டுப் பாடிக்கிட்டு முக்கால்வாசி நேரம் நின்னுக்கிட்டே இருப்பாங்க. தென்கிழக்கு மூலை எதிரணி ரசிகர்களுக்கு, அங்க மாட்டிக்காதீங்க. ரொம்ப முன் வரிசையும் வேணாம், மழை பேஞ்சா நனைவீங்க, தூரத்துல ஆடுறதும் சரியா தெரியாது. ரெண்டாவது அடுக்கு நடுவுல கெடச்சா அதுதான் பெஸ்ட்டு, படி ஏற முடியறவங்களுக்கு. முட்டி வலின்னா கிளப்புக்கே நேரா எழுதிக் கேளுங்க. கிரெடிட் கார்டுல கட்டுங்க, 100 பவுண்டுக்கு மேல போன பொருளுக்கு கார்டு கம்பெனியையும் கேக்க சட்டத்துல வழி இருக்கு, நடுவுல புரோக்கர் சைட்டு இருந்தா அதுலயும் இழுப்பாங்கன்னு சொல்றாங்க.

இவங்ககிட்ட "உள்ள போயிட்டீங்க"ன்னு சொன்னப்புறமும் சண்ட போட்டு பணத்த திரும்ப வாங்கினவங்க யாராச்சும் இருந்தா எங்க எழுதுனீங்க, யார்கிட்ட போனீங்கன்னு சொல்லுங்க. ஸ்கிரீன்ஷாட் அத்தனையும் வெச்சிருக்கேன். 640 பவுண்ட சும்மா விட மாட்டேன்.