முதல் சிங்கிளை விற்க பேண்ட்கேம்ப் தோதா?

2008இல் தொடங்கிய பேண்ட்கேம்ப், பாட்டைக் காசுக்கு விற்கிற இணையக் கடை. கேட்பவர் விலை கொடுத்தால் கோப்பு அவருக்கே சொந்தம். எம்பி3, ஃபிளாக், வேவ் என எந்த வடிவில் வேண்டுமோ அதில் இறக்கிக்கொள்ளலாம். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1000 முறையாவது ஓடினால்தான் அதற்குப் பங்கு சேரும். முப்பது, நாற்பது பேர் மட்டுமே ஆசையாகக் கேட்கிற புது ஆளுக்கு அது எட்டாத படி. அந்த நாற்பது பேரிடம் நேரடியாக விற்க இதைவிட நல்ல இடம் இப்போது இல்லை.

பதிவேற்றும்போதுதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். தளம் வேவ், ஏஐஎஃப்எஃப், ஃபிளாக் போன்ற இழப்பில்லாத, அதாவது ஒலித்தரத்தைக் குறைக்காத கோப்பைத்தான் கேட்கும். ஒரு கோப்புக்கு 291 மெகாபைட் (எம்பி) வரை இடம் உண்டு. நான்கு நிமிடப் பாட்டு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் சுமார் 69 எம்பிதான் வரும், ஆகவே சுருக்க அவசியமே இல்லை. அப்படியிருந்தும் கையிலிருக்கும் எம்பி3யை வேவ் ஆக மாற்றி ஏற்றுகிறார்கள். ஒலியின் அதிர்வெண்களைக் காட்டும் ஸ்பெக்ட்ரம் படத்தில் பார்த்தால் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தி வைத்து வெட்டியது போல நிற்கும். ஃபிளாக் வாங்குபவர்கள் இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அடுத்த பாட்டை வாங்க மாட்டார்கள்.

இன்னொன்று, வாங்குமுன் பக்கத்தில் ஓடிக் காட்டுவது 128 கேபிபிஎஸ் எம்பி3. சிம்பல், ஜால்ரா, நாகஸ்வரத்தின் மேல் ஸ்தாயி எல்லாம் அதில் கரகரத்துக் கலங்கும். மாஸ்டரை, அதாவது வெளியீட்டுக்கான இறுதிப் பதிவை, 0 டெசிபெல் வரை முட்டவைத்தால், எம்பி3 ஆகும்போது உச்சங்கள் மேலும் எகிறி உடைந்து கேட்கும். ட்ரூ பீக்கை, அதாவது ஒலி உண்மையில் எட்டும் உச்ச அளவை, -1 டெசிபெலில் நிறுத்துங்கள். ஏற்றுமுன் நீங்களே 128இல் ஒரு பிரதி எடுத்து, சாதாரண இயர்போனில் கேட்டுப் பாருங்கள். பாட்டை எடைபோடப் போகிறவர் முதலில் கேட்பது அந்தப் பிரதியைத்தான்.

விலையை 1 டாலர் என்று வைக்காதீர்கள். வாங்குபவரின் பணத்தை உங்களிடம் சேர்க்கும் பேபால் சேவை ஒவ்வொரு விற்பனைக்கும் பிடிக்கும் நிலைக்கட்டணம் சின்னத் தொகையில் பெரிதாகக் கடிக்கும். சிங்கிள் 2 டாலர் இருக்கட்டும். அதோடு கரோக்கி டிராக்கும் ஒரு நேரடிப் பதிவும் சேர்த்துச் சின்னத் தொகுப்பாக 4 டாலருக்கு வைத்தால் இன்னும் நல்லது. ‘இதற்கு மேலும் கொடுக்கலாம்’ என்ற தெரிவைத் திறந்தே வையுங்கள், கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

டிஜிட்டல் விற்பனையில் தளத்தின் பங்கு 15 சதவீதம். விற்பனை 5000 டாலரைத் தொட்டால் 10 சதவீதமாகக் குறையும். இந்தப் பங்கை ஒவ்வொரு விற்பனையிலும் பிடிக்காமல் கணக்கில் ஏற்றிவைத்து, பிறகு வரும் ஒரு விற்பனையை முழுசாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. 2 டாலர் பாட்டு ஏழு விற்றால் பாக்கி 2.10 டாலர், எட்டாவது ஆள் கொடுத்தது அப்படியே தளத்துக்குப் போகும். பணம் காணோமே என்று பதற வேண்டாம்.

சில வெள்ளிக்கிழமைகளில் தளம் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறது. 2020 மார்ச்சில் தொடங்கிய ஏற்பாடு இது. கலிஃபோர்னிய நேரத்தை வைத்து நடப்பதால், நம் கடிகாரத்தில் வெள்ளி மதியம் 12.30க்கு, குளிர்காலமென்றால் 1.30க்குத்தான் ஆரம்பம். காலையிலேயே இணைப்பைப் பரப்பினால் சலுகை வீண். ஆனால் அன்றைக்கு எல்லோரும் வெளியிடுவார்கள், புதுப்பெயர் அமுங்கிப்போகும். செவ்வாய்க்கிழமையே வெளியிட்டுவிட்டு வெள்ளியன்று ஞாபகப்படுத்துவது மேல்.

தானாக ஆள் வந்து கேட்பார்கள் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். வாங்கியவரின் சேகரிப்புப் பக்கத்தில் உங்கள் பாட்டு தெரியும், அவரைப் பின்தொடர்பவர்கள் பார்ப்பார்கள். ஆம்பியன்ட், மெட்டல், ஜாஸ் வட்டங்களில் இது நன்றாக வேலை செய்கிறது. அதற்கு வகைக்குறிச்சொற்கள் குறிப்பாக இருக்க வேண்டும். வெறும் ‘இண்டி’ என்று போட்டால் கடலில் கரைத்த பெருங்காயம். பாடல்வரிகளுக்கும் வாசித்தவர்கள் பெயருக்கும் தனி இடம் இருக்கிறது. அதைக் காலியாக விடுவது மிருதங்கம் வாசித்தவருக்குச் செய்யும் அநியாயம்.

2022இல் எபிக் கேம்ஸ் என்ற வீடியோ கேம் நிறுவனம் பேண்ட்கேம்பை வாங்கியது. அடுத்த வருடமே சாங்டிரேடர் என்ற இசை உரிம நிறுவனத்தின் கைக்கு மாறி, ஊழியர்களில் பாதிப் பேர் வேலை இழந்தார்கள். கடை நாளை எப்படியிருக்குமோ, முகவரி தரச் சம்மதித்த வாங்குபவர்களின் மின்னஞ்சல் பட்டியலை மாதம் ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மூர்க்காரருக்கு ஒரே பெரிய முள், பணம் வருகிற வழி. இந்தியாவுக்குள்ளேயே நடக்கும் பரிமாற்றத்தை பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டது. டொரன்டோவிலிருந்து வாங்குபவரின் பணம் வந்து சேரும். மதுரையிலிருந்து வாங்க நினைப்பவர் கடைசிப் பக்கத்தில் மாட்டிக்கொள்ளலாம். வெளியீட்டை அறிவிக்கும் முன் உள்ளூர் நண்பர் ஒருவரை வாங்கச் சொல்லிப் பாருங்கள். சிக்கல் வந்தால் உள்ளூர் ஆட்களிடம் யுபிஐயில் பணம் பெற்று, பாட்டை இறக்கிக்கொள்ள பேண்ட்கேம்ப் தரும் குறியீட்டை அனுப்பிவிடலாம்.