கீழே கழற்றுவதா, மேலே திறப்பதா? போர் செய்த அவுட்போர்டு எஞ்சின் கொதிக்கும்போது

சிலிண்டருக்குப் போர் செய்து, அதாவது தேய்ந்த உள்சுவரைக் கடைந்து, புது பிஸ்டனும் ரிங்கும் போட்டு, இனி இரண்டு மூன்று வருடத்துக்குக் கவலை இல்லை என்று வள்ளத்தின் பின்னால் மாட்டிக் கடலில் இறக்கிய அவுட்போர்டு எஞ்சின், கரையை விட்டு விலகுவதற்குள் கொதிக்கத் தொடங்கினால் மனம் எப்படித் தவிக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். முட்டத்தில் என் மச்சானின் வள்ளத்துக்கு இப்படித்தான் ஆயிற்று. 9.9 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் எஞ்சின். மெதுவாக ஓட்டினால் ஒன்றும் இல்லை. வேகம் கூட்டிப் பத்து நிமிடம் ஓட்டினால் தானாகவே இழுவை குறையும். மேல் மூடியைத் திறந்து, சிலிண்டரை மூடும் ஹெட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுரீர் என்று ஆவியாகும்.

கரையில் மூன்று யோசனைகள் வந்தன. கீழே கியர் பெட்டியைக் கழற்றி இம்பெல்லரை, அதாவது குளிர்விக்கும் தண்ணீரை மேலே ஏற்றும் பம்ப்பின் ரப்பர்ச் சக்கரத்தைப் பார் என்றார் ஒருவர். ஹெட்டைத் திற என்றார் இன்னொருவர். சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர்ப் பாதையைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை எடுத்து எறிந்துவிடு, எல்லாம் சரியாகும் என்றார் மூன்றாமவர். மூன்றையும் நாங்கள் செய்தோம், தவறான வரிசையில். அதனால் நான்கு நாள் தொழில் போயிற்று.

கீழ்ப்பக்கத்தை முதலில் பார்ப்பதற்கு நியாயம் உண்டு. செலவு குறைவு, மணலில் வைத்தே முக்கால் மணி நேரத்தில் முடியும். சில போல்ட்டுகளையும் கியர் கம்பியையும் விடுவித்தால் கியர் பெட்டி கீழே இறங்கிவிடும். தண்ணீர் பம்ப் அதன் தலையில் உட்கார்ந்திருக்கும். எஞ்சினை முழுவதும் பிரித்துச் சேர்த்த பிறகு இங்கே நேரும் தவறுகள் பெரும்பாலும் மூன்று. முதலாவது, பம்ப்பிலிருந்து மேலே செல்லும் தண்ணீர்க் குழாய் ரப்பர் வளையத்துக்குள் நுழையாமல் பக்கத்தில் போய் முட்டி நிற்பது. கியர் பெட்டியை ஏற்றும்போது அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது, கைதான் உணர வேண்டும். ரப்பருக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவி, குழாய் உள்ளே இறங்குவதை உணர்ந்த பிறகே போல்ட்டை முறுக்க வேண்டும். இரண்டாவது, இம்பெல்லரைத் தண்டோடு பிணைக்கும் சின்னக் கீ நழுவி விழுவது. அரிசி மணியைவிடச் சற்றே பெரிய அந்தத் துண்டு இல்லாவிட்டால் தண்டு சுற்றும், இம்பெல்லர் சும்மா நிற்கும். மூன்றாவது, வேலை முடிந்ததும் ‘சத்தம் கேட்டுப் பார்க்க’ என்று தண்ணீர் இல்லாமல் ஸ்டார்ட் செய்வது. இம்பெல்லரின் ரப்பர் இதழ்களுக்குத் தண்ணீர்தான் வழுக்கு. அது இல்லாமல் ஓடினால் சில நொடிகளிலேயே நுனி கருகத் தொடங்கிவிடும்.

ஆனால் கீழ்ப்பக்கக் கோளாறுக்குத் தனி அடையாளம் உண்டு. குழாய் ஏறவில்லை, கீ இல்லை என்றால், குளிர்விக்கும் தண்ணீர் வெளியே வரும் பக்கத் துளையில் தண்ணீர் பீச்சாது. ஓரிரு நிமிடத்திலேயே எஞ்சின் கொதிக்கும். இதழ்கள் தேய்ந்து வளைந்திருந்தால் பெரும்பாலும் மெதுவாக ஓடும்போதே தாரை மெலிந்திருக்கும். எங்கள் எஞ்சினில் தண்ணீர் விரல் பருமனுக்கு நன்றாகவே வந்தது. அப்படி இருந்தும் இரண்டு முறை இம்பெல்லர் மாற்றினோம். அந்தப் பணம் வீண்.

தெர்மோஸ்டாட்டை எடுத்துவிடும் வழியைப் பற்றி நான் கண்டிப்பாகவே சொல்வேன்: சோதனைக்கு எடுக்கலாம், அப்படியே விட்டுவிடக் கூடாது. எடுத்ததும் சூடு சற்றுக் குறைந்ததுபோல் இருக்கும். அதை நம்பி ஓட்டினால், புதிதாகப் போர் செய்த சிலிண்டர் எப்போதும் தேவைக்கு மேல் குளிர்ந்தே ஓடித் தேயும். மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு இது இன்னும் கெடுதல். எஞ்சின் சூடானால்தான் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகும்; அதற்காகத்தான் பெட்ரோலில் கிளப்புகிறோம். குளிர்ந்த எஞ்சினில் பிளக் நனையும், கரி படியும். தெர்மோஸ்டாட் மேல் சந்தேகம் இருந்தால் அதை நூலில் கட்டி, பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். சிறிய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பலவற்றில் அது 50 டிகிரி அளவில் திறக்கத் தொடங்கும். கொதிநிலையிலும் வாய் திறக்கவில்லை என்றால் மாற்றுங்கள். திறந்தால் திரும்ப மாட்டுங்கள். எங்களுடையது சரியாகத் திறந்தது.

மிஞ்சியது மேல்பக்கம். எல்லோரும் இதைத் தள்ளிப்போடுவதற்குக் காரணம் பயம். உப்புக் காற்றில் ஊறிய ஹெட் போல்ட் அலுமினியத்துக்குள் முறிந்தால் லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். ஹெட்டுக்கும் சிலிண்டர் பிளாக்குக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டை ஒரு முறை எடுத்தால் புதியதுதான் போட வேண்டும். ஆனால் தண்ணீர் நன்றாக வருகிறது, வேகத்தில் மட்டும் கொதிக்கிறது என்றால் தாமதிக்காமல் இங்கேதான் வர வேண்டும். தாரையில் குமிழியும் விட்டுவிட்டு வரும் துடிப்பும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்: எரியும் வாயு கேஸ்கட்டைத் தாண்டித் தண்ணீர்ப் பாதைக்குள் புகுகிறது.

எங்கள் ஹெட்டைத் திறந்தபோது வாயுக் கசிவு இல்லை. கேஸ்கட்டைத் துடைத்து, பிளாக்கின் முகத்தில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தோம். பிளாக்கில் தண்ணீர்த் துவாரம் இருந்த இரண்டு இடங்களில் கேஸ்கட்டில் துவாரமே இல்லை, திருப்பிப் போட்டிருந்தார்கள். மேல் சிலிண்டரைச் சுற்றிய பாதை பாதி அடைபட்டிருந்தது. மீதிப் பாதையின் ஓரத்தில் சீலன்ட் பசை பிதுங்கி, உலர்ந்த மூக்குச்சளிபோல் சுருண்டு நின்றது. குச்சியால் கிளறியபோது உப்புப் பாறையும் பெயர்ந்து விழுந்தது. போர் செய்யும்போது சிலிண்டரின் உள்சுவர் புதிதுபோல் ஆகிவிடுகிறது. அதே சுவரின் மறுபக்கத்தில் பல வருட உப்பு அப்படியே இருக்கிறது. அதைச் சுரண்டாமல் மூடுவதை நான் வேலை என்றே சொல்ல மாட்டேன்.

ஹெட்டைத் திறந்த பிறகு அதன் சமதளத்தையும் பார்த்துவிட வேண்டும். தடித்த கண்ணாடி மேல் 400 எண் நீர்த்தாளை (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) ஒட்டி, ஹெட்டை எட்டு வடிவில் தேய்த்தால் மேடான இடம் பளிச்சிடும், பள்ளம் கறுப்பாகவே நிற்கும். 0.1 மில்லிமீட்டருக்கு மேல் வளைந்திருந்தால் புதுக் கேஸ்கட்டும் தாங்காது. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில், முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச் வைத்து முறுக்க வேண்டும். மண்ணெண்ணெய் எஞ்சினுக்குப் பெட்ரோல் மாடலின் ஹெட்டை மாட்டிவிடுவதும் உண்டு. மண்ணெண்ணெய் மாடலில் அமுக்க விகிதம் குறைவு. மாற்றி மாட்டினால் எரிபொருள் தட்டி வெடித்து, எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் எஞ்சின் சூடேறும்.

இந்த மூன்றிலும் சேராத ஒன்று, போர் இறுக்கமாக இருப்பது. தண்ணீர் சரி, கேஸ்கட் சரி, ஆனால் சூடானதும் ஸ்டார்ட் கயிறு இழுக்கக் கடினமாகிறது என்றால் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளந்தே ஆக வேண்டும். புது பிஸ்டனுக்கு முதல் 10 மணி நேரம் முழு வேகம் கொடுக்காமல், ஆயில் கலவையை 25 பங்கு எரிபொருளுக்கு 1 பங்கு ஆயில் என்ற அளவில் வைப்பது பல தயாரிப்பாளர்கள் சொல்லும் முறை.

சரிசெய்த பிறகு எங்கே ஓட்டிப் பார்ப்பது என்பதிலும் போட்டி உண்டு. தண்ணீர் உறிஞ்சும் துளைகளை மூடும் ரப்பர்க் காதுகளில் ஹோஸ் குழாயை மாட்டி ஓட்டுவது எளிது. ஆனால் குழாயின் அழுத்தமே தண்ணீரை ஏற்றிவிடுவதால் பலவீனமான பம்ப்பும் நன்றாக இருப்பதுபோல் தெரியும். டிரம் மேலானது, பம்ப் தானாக உறிஞ்ச வேண்டியிருக்கும். டிரம்மில் உள்ள தண்ணீர், பம்ப் இருக்கும் மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். ஆனால் டிரம்மில் சுமை இல்லை. எங்கள் எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்த நாட்களிலும் டிரம்மில் அரை மணி நேரம் குறையில்லாமல் ஓடியது. அதனால் கடைசிச் சோதனையைக் கடலில்தான் வைத்தோம்: இரண்டு பேர், முழு வலை, பாதி வேகத்தில் இருபது நிமிடம், கையில் அகச்சிவப்பு வெப்பமானி. மேல் சிலிண்டருக்கும் கீழ் சிலிண்டருக்கும் மூன்று டிகிரிதான் வித்தியாசம். கரைக்கு வந்து, எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு ஹெட் போல்ட்டுகளை இன்னொரு முறை சரிபார்த்தோம். அடுத்த நாள் அதிகாலையில் மச்சான் தொழிலுக்குப் போனார்.