16 டிபி என்று விற்ற டிஸ்க்கில் இருந்தது 64 ஜிபி: காப்பி போடும் முன் சோதித்துவிடுங்கள்

ஆன்லைனில் "16 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டி" என்று விற்கப்பட்ட ஒரு டிஸ்க் பற்றிய எச்சரிக்கை இது. கம்ப்யூட்டரில் செருகியதும் 14.5 டிபி காட்டியது. முதலில் போட்ட போட்டோக்கள் ஒழுங்காகத் திறந்தன. 60 ஜிபியை நெருங்கியபின் ஏற்றிய வீடியோக்களில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. ஃபைல் பெயர் இருக்கிறது, அளவும் சரி, உள்ளே வெறும் பூஜ்யங்கள். கூட்டைக் கழற்றினால் சின்ன போர்டு ஒன்று, அதில் செருகிய 64 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு, கனம் தெரியட்டும் என்று ஒட்டிய இரும்புத் தகடு.

விற்றவர் சொன்ன பதில்: "உங்க கம்ப்யூட்டர் பழசு, எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் பண்ணிப் பாருங்க." (எக்ஸ்ஃபேட் என்பது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் முறைகளில் ஒன்று.) இதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். ரிட்டர்ன் கெடு முடியும்வரை இழுத்தடிக்கத்தான் இந்தப் பதில்.

16 டிபி என்பது 14.5 என்று குறைந்து தெரிவது ஏமாற்று அல்ல. தயாரிப்பாளர்கள் 1 டிபியை 1,00,000 கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள்; விண்டோஸ் 1024-ஆல் வகுத்துக் காட்டுகிறது. அதனால்தான் நல்ல 1 டிபி டிஸ்க்கும் 931 ஜிபி என்றே தெரியும்.

ஏமாற்று, டிஸ்க்கை இயக்கும் சிப்பான கன்ட்ரோலரில் இருக்கிறது. ஒரு டிஸ்க்கின் கொள்ளளவைக் கம்ப்யூட்டர் அளந்து பார்ப்பதில்லை. கன்ட்ரோலர் சொல்லும் எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. போலியில் அந்த எண்ணை, சிப்புக்குள் பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரிலேயே மாற்றிவிடுகிறார்கள். உண்மையான இடம் தீர்ந்தபின் வரும் டேட்டாவைச் சில கன்ட்ரோலர்கள் சத்தமில்லாமல் தூக்கிப் போடும். சில, மறுபடி முதலிலிருந்து எழுதி, பழையதை அழிக்கும். இரண்டில் இதுதான் மோசம். முதல் வகையில், ஃபைல் பட்டியல் பெரும்பாலும் டிஸ்க்கின் தொடக்கப் பகுதியில் இருப்பதால், உள்ளடக்கம் போனபிறகும் பெயர்கள் மட்டும் நிற்கும்.

ஃபார்மேட் செய்தால் உண்மை தெரிந்துவிடாது. குயிக் ஃபார்மேட் பட்டியலை மட்டும்தான் புதிதாக எழுதும். முழு ஃபார்மேட் எல்லா இடத்திலும் பூஜ்யம் எழுதும். இல்லாத இடத்தைப் படித்தாலும் பூஜ்யமே வருவதால் போலி டிஸ்க் அதிலும் தேறிவிடும். இடத்துக்கு இடம் வேறுபடும் டேட்டாவை எழுதி, திரும்பப் படித்து ஒப்பிட வேண்டும். விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 (F3) என்ற மென்பொருள்கள் இதைத்தான் செய்கின்றன, இரண்டும் இலவசம்.

ஏற்கெனவே ஏதாவது ஏற்றியிருந்தால், திறக்கும் ஃபைல்களை முதலில் வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிடுங்கள். சோதனையே அவற்றின்மேல் எழுதிவிடக்கூடும்.

இங்கே ஒரு தந்திரமும் இருக்கிறது. வினாடிக்கு 30 எம்பி வேகத்தில் 16 டிபியை நிரப்ப 6 நாளுக்கு மேல் ஆகும், படித்துப் பார்க்க இன்னும் அவ்வளவு. விளம்பர அளவு பெரிதாக இருக்க இருக்க, முழுச் சோதனை ரிட்டர்ன் கெடுவைத் தாண்டிப் போகும். ஆகவே முழுவதையும் சோதிக்கப் போகாதீர்கள். ஹெச்2டெஸ்ட்டபிள்யூவில் எவ்வளவு எம்பி எழுத வேண்டும் என்று குறிப்பிடலாம், 2,00,000 கொடுங்கள். எழுத இரண்டு மணி நேரம், படிக்க இரண்டு மணி நேரம். 64 ஜிபி போலி என்றால் 59 ஜிபி வாக்கில் சரி, மீதி தொலைந்தது என்று அறிக்கை வரும். இதில் தேறினால் அளவைக் கூட்டுங்கள், ஏனென்றால் 256 ஜிபி கார்டு வைத்த போலி இந்தச் சோதனையில் தப்பிவிடும். லினக்ஸ் இருந்தால் எஃப்3-உடன் வரும் எஃப்3ப்ரோப் (f3probe) முழுவதையும் நிரப்பாமலே உண்மை அளவைச் சொல்லிவிடும்.

வேகமும் ஒரு துப்பு. யூஎஸ்பி 2.0 இணைப்பில் நடைமுறையில் வினாடிக்கு 30 முதல் 40 எம்பிதான் கிடைக்கும். யூஎஸ்பி 3.0-இல் சாதாரண 2.5 இன்ச் ஹார்ட் டிஸ்க்கே 100 எம்பிக்கு மேல் கொடுக்கும். பிளக் உள்ளே நீல நிறம் இருப்பதை நம்பாதீர்கள். உலோகத் தொடுமுனைகளை எண்ணுங்கள். 3.0-க்கு ஒன்பது வேண்டும், நீலம் பூசிய போலியில் நான்குதான் இருக்கும். டைப்-சி துளை இருப்பதாலும் வேகம் உறுதியாகாது. ஆனால் வேகம் குறைந்தாலே போலி என்று முடிவுகட்டவும் கூடாது. யூஎஸ்பி ஹப்பைத் தவிருங்கள், போர்ட்டையும் கேபிளையும் மாற்றிப் பாருங்கள். அகலமான மைக்ரோ-பி துளையில் பழைய ஒல்லிக் கேபிளும் பொருந்தும். அப்போது நல்ல டிஸ்க்கும் 2.0 வேகத்தில்தான் ஓடும். ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களை ஏற்றும்போது எந்த ஹார்ட் டிஸ்க்கும் திணறும், எனவே ஒரே பெரிய ஃபைலை வைத்து அளவிடுங்கள்.

கொள்ளளவு குறைந்து தெரிவதிலும் குற்றமில்லாத காரணங்கள் உண்டு. டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் பழைய முறையான எம்பிஆரில் பிரித்தால் 2048 ஜிபிக்கு மேல் பயன்படாது. புதிய முறையான ஜிபிடிக்கு மாற்ற வேண்டும், மாற்றும்போது உள்ளே இருப்பது அழியக்கூடும். டிஸ்க்கைச் செருகிக் கம்ப்யூட்டருடன் இணைக்கும் பழைய டாக்கில் 3 டிபி டிஸ்க் 746 ஜிபி என்று தெரிந்தால் கோளாறு டாக்கில் இருக்கிறது.

வாங்குமுன் ஒன்று: யூஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடும் 2.5 இன்ச் சுழல்வட்டு டிஸ்க்குகளில் 6 டிபி வந்ததே 2024-இல்தான். சட்டைப்பையில் போகும் 16 டிபி டிஸ்க்கைச் சொற்ப விலைக்கு யாராலும் தர முடியாது.

புகார் செய்யும்போது சோதனை அறிக்கையின் ஸ்கிரீன்ஷாட், விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் இரண்டையும் இணையுங்கள். கூட்டைப் பிரிக்காதீர்கள், அதைக் காட்டியே ரிட்டர்னை மறுப்பார்கள். பாதிப் பணம் தருகிறேன், புகாரை முடியுங்கள் என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். முடித்த புகாரை மறுபடி திறப்பது கடினம். திருப்பி அனுப்புமுன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஹெச்2டெஸ்ட்டபிள்யூவை இன்னொரு முறை ஓட்டுங்கள். வெறுமனே டெலீட் செய்தால் உங்கள் போட்டோக்கள் கார்டிலேயே இருக்கும், யார் வேண்டுமானாலும் மீட்டெடுக்கலாம்.