ஜாவாவில் லிஸ்ட்களை ஒன்றுசேர்ப்பது: பூக்கடைக் கணக்கில் பழகியது

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு ஜாவாவில் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்து, இன்றுவரை நானே பராமரித்து வருகிறேன். கடையில் இரண்டு தராசு, இரண்டுக்கும் தனித்தனிக் கணினி. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துச் சம்சாரிகள் (விவசாயிகள்) விடியற்காலையில் கொண்டுவரும் மல்லி, பிச்சி, சம்பங்கியின் எடைச் சீட்டுகள் இரண்டு லிஸ்ட்டாக விழும். வியாபாரம் ஓய்ந்ததும் இரண்டையும் ஒன்றாக்கி, சம்சாரி பெயர் வாரியாகப் பில் போட வேண்டும். ஜாவாவில் லிஸ்ட் சேர்க்க இருக்கும் வழிகளை அநேகமாக இந்த ஒரே வேலையில் பழகியாகிவிட்டது.

கடைசியில் நிலைத்தது, ஒரு லிஸ்ட்டில் உள்ளதையெல்லாம் இன்னொன்றின் கடைசியில் சேர்க்கும் ஆட்ஆல்தான். முதல் லிஸ்ட்டைக் கொடுத்துப் புது அரேலிஸ்ட் (கூட்டிக் குறைக்கக்கூடிய வழக்கமான லிஸ்ட்) ஒன்றை உருவாக்கி, இரண்டாவதை அதில் ஆட்ஆல் செய்தால் முடிந்தது. வேகத்தைப் பற்றி நிறையப் பேசுவார்கள். முகூர்த்த நாளிலும் சில நூறு சீட்டுதான் வருகிறது. எந்த வழியில் சேர்த்தாலும் வித்தியாசம் தெரியாது.

புது லிஸ்ட் எதற்கு, முதல் லிஸ்ட்டிலேயே நேராக ஆட்ஆல் செய்யலாமே என்று தோன்றும். செய்யலாம். ஆனால் அப்புறம் முதலாளி வந்து, "தம்பி, ரெண்டு தராசுலயும் தனித்தனியா எவ்வளவு எடைனு சொல்லு" என்று கேட்பார். முதல் தராசின் லிஸ்ட்டில் அதற்குள் இரண்டாவதும் கலந்திருக்கும்.

இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. மதிப்புகளைக் கொடுத்ததும் லிஸ்ட் ஆக்கித் தரும் லிஸ்ட்.ஆஃப் (2017இல் ஜாவா 9 கொண்டுவந்தது), அரேஸ்.ஆஸ்லிஸ்ட் இரண்டும் தருவது நீளம் கூட்ட முடியாத லிஸ்ட்; அதில் ஆட்ஆல் செய்தால் அன்சப்போர்ட்டட்-ஆபரேஷன் எக்ஸப்ஷன் ('இந்த வேலை இங்கே செல்லாது' என்ற பிழை) வரும். அதுவும் ஓடும்போதுதான், ஓட்டும் முன் நிரலைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலர் வாயே திறக்காது. மாற்றக்கூடியதும் மாற்றக்கூடாததும் ஒரே 'லிஸ்ட்' என்ற பெயரில் உலவுவதுதான் ஜாவா மேல் எனக்குள்ள தீராத குறை.

லிஸ்ட்டில் உள்ளதை ஒவ்வொன்றாக ஓடவிடுவது ஸ்ட்ரீம். இரண்டு ஸ்ட்ரீமை ஒட்டும் ஸ்ட்ரீம்.கான்கேட் ஜாவா 8இல் வந்தது, இரண்டு லிஸ்ட்டுக்குச் சரி. நான்கைந்து என்றால் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்க வேண்டும்; அடுக்கு ரொம்ப ஆழமானால் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ (அழைப்புகளுக்கான நினைவிடம் நிரம்பி வழிவது) ஆகலாம் என்று ஜாவா ஆவணமே எச்சரிக்கிறது. அந்த இடத்தில், பல லிஸ்ட்டை ஒரே ஸ்ட்ரீமாக விரித்துத் தரும் ஃபிளாட்மேப் சுத்தமானது. ஜாவா 16 முதல், ஸ்ட்ரீமைத் திரும்ப லிஸ்ட் ஆக்க முடிவில் டூலிஸ்ட் என்று போட்டால் போதும், ஆனால் கிடைப்பது மாற்ற முடியாத லிஸ்ட். அதன் மேலேயே வரிசைப்படுத்தும் சார்ட் போட்டால் மறுபடியும் அதே எக்ஸப்ஷன். பெயர் வாரியாக அடுக்குவதை ஸ்ட்ரீமுக்குள்ளேயே சார்ட்டட் கொண்டு முடித்துவிட வேண்டும்.

சில நாள் இணைப்பு அறுந்து, ஒரே சீட்டு இரண்டு கணினியிலும் ஏறிவிடும். அதை நீக்க லிங்க்ட்-ஹேஷ்செட் (ஒரே மாதிரியானதை ஒரு முறை மட்டும் வைத்துக்கொள்ளும் தொகுப்பு) நல்ல வழி, வரிசை கலையாது. சீட்டை ரெக்கார்டாக (விவரங்களை மட்டும் வைக்கும் ஜாவா வகை) எழுதியிருந்தால், இரண்டு சீட்டு ஒன்றுதானா என்று பார்க்கத் தேவையான ஈக்வல்ஸ், ஹேஷ்கோட் தானாகவே வரும். இங்கேதான் கவனம் வேண்டும். ஒரே சம்சாரி ஐந்து கிலோ மல்லி மூட்டை இரண்டு கொண்டுவந்து, தராசுக்கு ஒன்றாக வைப்பது சகஜம். பெயர், பூ, எடை மூன்றும் ஒன்றுதானே என்று செட் ஒரு மூட்டையை விழுங்கிவிடும். அந்த ஆளுக்கு ஐந்து கிலோ காசு போச்சு! ரெக்கார்டில் சீட்டு எண்ணும் கட்டாயம் இருக்க வேண்டும்.

ரெக்கார்டால் இன்னொரு லாபமும் உண்டு. ஆட்ஆல் சீட்டுகளை நகலெடுப்பதில்லை. இரண்டு லிஸ்ட்டும் அதே சீட்டுகளைத்தான் காட்டும். சாதாரண கிளாஸாக இருந்தால், சேர்த்த லிஸ்ட்டில் சாக்கு எடையைக் கழித்ததும் மூல லிஸ்ட்டிலும் எடை குறைந்துவிடும். ரெக்கார்டில் எடையை மாற்றவே முடியாது. கழித்த எடையோடு புதுச் சீட்டுதான் போட வேண்டும்.

கோட்லின் என்ற நிரல் மொழியில் இரண்டு லிஸ்ட்டுக்கு நடுவே கூட்டல் குறி போட்டாலே புது லிஸ்ட் வந்துவிடுகிறது. ஜாவா 21லும் அந்த வசதி இல்லை. அதற்காக ஓடுகிற கணக்கை மாற்றி எழுத நான் தயாரில்லை. சேர்க்கிற அந்த இரண்டு வரியைத் தனி மெத்தடாக வைத்திருக்கிறேன், மற்ற இடமெல்லாம் அதைத்தான் கூப்பிடுகிறது.