டீக்கு டைஜெஸ்டிவ் பிஸ்கட் சரிதானா?

உடம்பைக் குறைக்கணும் என்று முடிவெடுத்ததும் பல வீடுகளில் முதலில் மாறுவது டீயில் தோய்க்கும் பிஸ்கட்தான். மாரி பிஸ்கட் போய் டைஜெஸ்டிவ் வந்துவிடும். பழுப்பு நிறம், மேலே தவிட்டுப் பொட்டுகள், பாக்கெட்டில் கோதுமைக் கதிர். விலையும் கூடுதல் என்பதால் நல்ல பொருள்தான் என்று தோன்றிவிடுகிறது. ஆனால் எடைதான் கவலை என்றால் இது பின்னோக்கிப் போகும் மாற்றம்.

இரண்டு பாக்கெட்டையும் திருப்பி, ‘100 கிராமுக்கு’ என்ற பத்தியை மட்டும் பாருங்கள். பிராண்டுக்கு பிராண்ட் கொஞ்சம் மாறினாலும் மாரியில் சுமார் 440 கலோரி, கொழுப்பு 12 கிராம் அளவில் இருக்கும். டைஜெஸ்டிவில் 480 முதல் 500 கலோரி, கொழுப்பு 20 கிராமை ஒட்டி நிற்கும். பிஸ்கட்டின் எடையும் வேறு. மாரி ஒன்று 5, 6 கிராம்தான். டைஜெஸ்டிவ் தடிமனானது, 10 முதல் 15 கிராம் வரை வரும். நிகர எடையைப் பிஸ்கட் எண்ணிக்கையால் வகுத்தால் உங்கள் பாக்கெட்டின் சரியான கணக்கு கிடைத்துவிடும். 12 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஒன்றுக்கு 60 கலோரி. காலை டீக்கு நான்கு, மாலை டீக்கு நான்கு என்றால் 480. ஏறக்குறைய எட்டு இட்லி! சாப்பாடு எதுவும் குறையாமல், அதன் மேல் இது ஏறும்போதுதான் இடுப்பில் தங்குகிறது.

லேபிளே இல்லாமலும் இந்தக் கூடுதல் கொழுப்பைக் கண்டுபிடிக்கலாம். ஒரு மாரியை உடைத்தால் ‘டக்’கென்று உடையும், விளிம்பு கூராக நிற்கும். டைஜெஸ்டிவ் பொலபொலவென்று உதிரும், விரலில் லேசான பிசுபிசுப்பு ஒட்டும். மாவு பிசையும்போது கொழுப்பு மாவுத்துகளைச் சுற்றிப் பூசிக்கொள்கிறது. தண்ணீர் சரியாகச் சேராததால் குளூட்டன் என்ற கோதுமைப் புரதம் இழை ஓடுவதில்லை, மாவு இறுகுவதில்லை. நெய் பிஸ்கட் வாயில் கரைவதும் இதனால்தான். டைஜெஸ்டிவின் அந்தக் கரகரப்பைத் தவிட்டின் குணம் என்று நினைக்கிறோம், அது உதிர்வதோ பெரும்பாலும் பாமாயிலின் வேலை. இனிப்பு மட்டாக இருப்பதால் நாக்குக்குக் கொழுப்பு தெரிவதே இல்லை.

பேரை வைத்து ஏமாற வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டனில், சோடா உப்பு சேர்வதால் செரிமானத்துக்கு உதவும் என்று நம்பி வைத்த பெயர் அது. அந்தச் சோடா உப்பு அடுப்புச் சூட்டிலேயே சிதைந்துவிடும்.

நார்ச்சத்து விஷயத்துக்கு வருவோம். நம் நாட்டு விதிப்படி 100 கிராமுக்கு 6 கிராம் நார் இருந்தாலே ‘ஹை ஃபைபர்’ என்று போட்டுக்கொள்ளலாம். அப்படி ஒரு பாக்கெட்டில் இரண்டு பிஸ்கட் எடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது ஒன்றரை கிராம். 100 கிராம் கொய்யாவில் 5 கிராமுக்குக் குறையாமல் நார் இருக்கிறது, கலோரியோ 70-க்குள்தான். மூலப்பொருள் பட்டியல் எடையின் இறங்குவரிசையில்தான் இருக்கும். முதல் பெயர் மைதா என்றால் முன்பக்கத்துக் கோதுமைக் கதிரை மறந்துவிடலாம்.

‘சுகர் ஃப்ரீ’ வகையில் சர்க்கரைதான் போகிறது, கொழுப்பு அப்படியே இருக்கிறது. மால்டிடால் என்ற இனிப்பூட்டி சேர்த்திருந்தால் அதற்கும் கிராமுக்கு 2 கலோரிக்கு மேல் உண்டு. அளவு கூடினால் சிலருக்கு வயிறு உப்பும், பேதியும் ஆகலாம். ‘டிரான்ஸ் ஃபேட் 0’ என்பது நல்லதுதான், ஆனால் பாமாயிலில் பாதி நிறைகொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்). லேபிள் கணக்குக்கு ஒரு நாளைக்கு வைத்திருக்கும் நிறைகொழுப்பு அளவு 22 கிராம், நான்கு பிஸ்கட்டிலேயே 4 கிராமுக்கு மேல் போய்விடும்.

இதன் நல்ல பக்கம்: கிரீம் பிஸ்கட்டோடு ஒப்பிட்டால் சர்க்கரை பாதியளவுதான். மாரியைவிடவும் சர்க்கரை குறைவு, நார் கூடுதல். கிரீம் பிஸ்கட்டை விட முடியாதவர் இதற்கு மாறுவதில் அர்த்தம் உண்டு, இரண்டோடு நிறுத்தினால். இரண்டைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, பாக்கெட்டை டப்பாவில் போட்டு மூடிய பிறகுதான் டீயைக் கையில் எடுக்கணும். பாக்கெட்டோடு உட்கார்ந்தால் ‘நமத்துப் போயிடும்’ என்றே மிச்சமும் காலியாகிவிடும்.

மாலைப் பசிக்கு என்றால் பிஸ்கட்டே வேண்டாம். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராம், தாளிக்க ஒரு டீஸ்பூன் எண்ணெய், ஒரு ஸ்பூன் தேங்காய்த் துருவல்: சுமார் 230 கலோரி. நான்கு டைஜெஸ்டிவுக்குச் சமம்தான், ஆனால் 8 கிராம் புரதமும் 7 கிராம் நாரும் சேர்ந்து ராத்திரிச் சாப்பாடு வரை பசி தாங்கும். சுண்டல் கெட்டுப்போவது எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்து ஊற்றும்போதுதான். கண்ணளவில் மூன்று டீஸ்பூன் சர்வசாதாரணமாக விழும், அதுவே 130 கலோரி. இன்னும் இலகுவாக வேண்டுமா? 20 கிராம் பொரி, 15 கிராம் பொட்டுக்கடலை, பொடியாக நறுக்கிய வெங்காயம், எலுமிச்சை. எண்ணெயே வேண்டாம். ஒரு பெரிய கிண்ணம் நிறைய வரும், 130 கலோரிதான். பொரி நமத்துவிடும் என்பதால் எலுமிச்சையைச் சாப்பிட உட்காரும்போது பிழியுங்கள்.

தினமும் கடலை ஊறவைக்க நேரமில்லை என்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோவை மொத்தமாக ஊறவைத்து வேகவைத்து, தண்ணீரை நன்றாக வடித்து, 100 கிராம் டப்பாக்களாக ஃப்ரீசரில் போட்டுவிடலாம். டீ கொதிக்கிற நேரத்தில் ஒரு டப்பாவைத் தாளித்து இறக்கிவிடலாம்.