ஏழு மணி நேர ஆட்டத்தில் யார் ஒப்புக்குச் சப்பாணி?

ஞாயிறு காலை 10 மணிக்கு ஆறேழு பேர் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். எந்தப் பெட்டியைத் திறப்பது? எங்கள் கூட்டத்தில் சண்டை எப்போதும் மூன்றுக்குள்தான்: டிப்ளமசி, ட்வைலைட் இம்பீரியம், 1830. மூன்றுமே பகல் முழுவதையும் தின்றுவிடும் போர்டு கேம்கள்.

ரூல்ஸ் எத்தனை பக்கம், பெட்டி எவ்வளவு கனம் என்று ஒப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் பார்ப்பது ஒன்றைத்தான். மதியம் 3 மணிக்கு, இனி ஜெயிக்கவே முடியாது என்று தெரிந்துபோன ஆள் என்ன செய்துகொண்டிருப்பார்? தாயம் விழாமல் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அரை மணி என்றால் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். நாலு மணி நேரம் ஒப்புக்குச் சப்பாணியாக யார் உட்காருவது?

டிப்ளமசி 1959-ல் ஆலன் கால்ஹேமர் என்ற அமெரிக்கர் கைக்காசு போட்டு 500 பிரதிகள் வெளியிட்ட ஆட்டம். 1901-ம் வருட ஐரோப்பா, ஏழு வல்லரசுகள். பகடை கிடையாது. எந்தப் படைக்கும் ஒரே பலம்தான். அதனால் பக்கத்து நாட்டுக்காரர் கை கொடுக்காமல் அதிக தூரம் போக முடியாது. இருவர் இருவராக ஒதுங்கிப் போய்ப் பேச வேண்டும், அப்புறம் ஆளாளுக்கு உத்தரவை ரகசியமாக எழுத வேண்டும், எல்லாச் சீட்டையும் ஒன்றாகப் பிரிக்க வேண்டும். படைகளுக்குத் தீனி போடும் மையங்கள் மொத்தம் 34, அதில் 18 பிடித்தால் வெற்றி. ரூல்ஸை அரை மணியில் சொல்லிக்கொடுத்துவிடலாம். மற்றதெல்லாம் வாய்.

என் முதல் ஆட்டத்தில் எனக்கு ஆஸ்திரியா. இத்தாலிக்காரர் மாடிப்படியில் நின்றுகொண்டு, என் துறைமுகமான ட்ரியெஸ்தே பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார். அந்தத் தைரியத்தில் அங்கிருந்த கப்பற்படையை அல்பேனியாவுக்கு அனுப்பினேன். சீட்டைப் பிரித்தால், அவருடைய வெனிஸ் படை ட்ரியெஸ்தேயில் நிற்கிறது. ஆட்டத்தில் 1903 முடிவதற்குள் நான் வரைபடத்தில் இல்லை. சமையலறையில் எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டிருந்தேன்.

இதில் ஒரு நியாயமும் உண்டு. ஒரே ஒரு படை மிச்சமிருக்கிறவரைக்கூட வல்லரசுகள் தேடி வந்து கெஞ்சும், ஏனென்றால் அந்த ஒரு படையின் ஆதரவில் ஒரு எல்லையே மாறலாம். அதுவும் போன பிறகுதான் ஒன்றுமில்லை. ஆகவே டிப்ளமசியை நேரில் ஆடுவதைவிட, ஒரு நாளுக்கு ஒரு உத்தரவு என்று இணையத்தில் ஆடுவதே மேல் என்பேன். அங்கே வெளியே போனவர் தன் வேலையைப் பார்க்கப் போகலாம். 2022-ல் மெட்டா நிறுவனத்தின் சிசரோ என்ற செயற்கை நுண்ணறிவு இணையத்தில் மனிதர்களோடு பேரம் பேசி ஆடி, ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டம் ஆடியவர்களில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தது. மறுநாள் யார் முகத்திலும் விழிக்க வேண்டிய சங்கடம் அதற்கு இல்லையே!

1830 வேறு ரகம். பிரான்சிஸ் ட்ரெஷாம் உருவாக்கி 1986-ல் வந்த ரயில் கம்பெனி ஆட்டம். இதிலும் பகடை இல்லை. பங்குச் சந்தையும் தண்டவாளமும்தான். முதல் 4-ம் எண் ரயிலை யாராவது வாங்கிய நொடியில், எல்லோருடைய 2-ம் எண் ரயில்களும் பழைய இரும்பாகிவிடும். ரயில் இல்லாத கம்பெனி கட்டாயம் ரயில் வாங்க வேண்டும். கம்பெனியில் காசு இல்லையென்றால் தலைவர் தன் பையிலிருந்து போட வேண்டும். இந்த ஆட்டத்தின் கொடூரமான சுகம் இங்கேதான். கஜானாவை வழித்தெடுத்துவிட்டு, தன் பங்குகளை விற்றுத் தள்ளி, நல்ல பிள்ளையாக இரண்டு பங்கு வாங்கி வைத்திருந்த உங்கள் தலையில் கம்பெனியைக் கட்டிவிடுவார் தலைவர். கொடுக்க வழியில்லாமல் நீங்கள் திவாலானால் ஆட்டமே அத்தோடு முடிந்தது. ஒருவர் மட்டும் வெளியே உட்காரும் பேச்சே இல்லை.

ஆனால் திவாலாகாமல் பின்தங்கியவர் பாடுதான் பரிதாபம். யாருக்கும் அவரிடம் பேச வேண்டிய தேவை இல்லை. மேஜையைச் சுற்றி மனக்கணக்கும் மௌனமும். நாலு பேர், அதுவும் கணக்கில் ருசி உள்ளவர்கள் என்றால் மட்டும் இதை எடுங்கள். காகிதப் பணத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு போக்கர் சிப் வைத்து ஆடுங்கள், நேரம் மிச்சம்.

ட்வைலைட் இம்பீரியத்தின் முதல் பதிப்பு 1997-ல் வந்தது. நாங்கள் ஆடுவது 2017-ல் வந்த நான்காம் பதிப்பு. விண்வெளி, 17 இனங்கள், பிளாஸ்டிக் கப்பல்கள் ஏராளம். பெட்டியில் 4 முதல் 8 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. ஆறு பேரில் மூவர் புதியவர் என்றால் இரவுச் சாப்பாட்டுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். கப்பல்களைப் பார்த்துப் போர் ஆட்டம் என்று நினைப்பவர்கள் தோற்பார்கள். 10 புள்ளிதான் வெற்றி, அதைப் போரே இல்லாமல்கூட எடுக்கலாம்.

என் கேள்விக்கு நல்ல பதில் இங்கேதான் இருக்கிறது. உங்கள் சரக்கை இன்னொருவருக்குக் கொடுத்தால்தான் அது செலவழிக்கத் தக்கதாக மாறும். அதனால் எவ்வளவு நொடிந்தவரோடும் வியாபாரம் உண்டு. நடுவிலிருக்கும் மெகடால் ரெக்ஸ் கிரகம் ஒருவர் வசமான பிறகு ஒவ்வொரு சுற்றிலும் சட்டங்களுக்கு வாக்கெடுப்பு. நொடிந்தவருக்கும் கிரகம் இருக்கிற வரை வாக்கு உண்டு. போதாததற்கு, ஆளுக்கொரு அரியணை ஆதரவுச் சீட்டு. அதைப் பெற்றவருக்கு ஒரு புள்ளி. கொடுத்தவர் படை நிற்கும் இடத்தின் மேல் அவர் நகர்ந்தால் புள்ளி போய்விடும். 3 புள்ளியோடு தள்ளாடுகிறவர் இதை விற்று உயிர்ப் பாதுகாப்பு வாங்கலாம். ஜெயிக்க முடியாதவர் யார் ஜெயிப்பது என்று முடிவு செய்கிறாரே என்று சிலர் குமுறுவார்கள். உண்மைதான். இருந்தாலும் டீ போடப் போவதற்கு அது எவ்வளவோ மேல்.

நாலு மணிக்குக் கிளம்பணும் என்று ஒருவர் ஆரம்பத்திலேயே சொன்னால் மூன்றையும் மூடி வையுங்கள். அதே விண்வெளி வாசனைக்கு ஃபின்லாந்துக்காரர்களின் எக்லிப்ஸ் இருக்கிறது. எட்டே சுற்று, மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. பேரம் குறைவு, அவ்வளவுதான்.

அந்த இத்தாலிக்காரர் இன்னும் எங்கள் வீட்டுக்கு வருகிறார். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் என் பக்கத்து நாற்காலி மட்டும் அவருக்குக் கிடையாது.