ஹிட்ச் சைக்கிள் ரேக்: மூன்று குளிர்காலம் பார்த்த பிறகு

கடையில் நிற்கும்போது, காரின் பின்னால் சைக்கிள் ஏற்றும் ரேக் எல்லாமே கெட்டியாகத்தான் இருக்கும். கையால் ஆட்டிப் பார்ப்போம், அசையாது, வாங்கிவிடுவோம். மிச்சிகன் மாதிரி குளிர்காலத்தில் சாலைக்கு உப்புப் போடும் ஊரில் மூன்று வருடம் ஓடியபின் அதே ரேக் என்ன ஆகிறது என்பதுதான் இங்கே விஷயம். வண்டி மினிவேன், பின்னால் ஹிட்ச் (டிரெய்லர் இழுக்க காருக்கு அடியில் மாட்டும் இரும்பு அமைப்பு), அதில் ரேக் நுழையும் 2 அங்குல ரிசீவர். ரேக், இரண்டு சைக்கிளை நிறுத்தி வைக்கும் தட்டு வகை. முன்சக்கரத்தை ஒரு கொக்கிக் கை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும்.

ரேக்கின் விலையைப் பார்க்கும் முன் காருக்கு அடியில் குனிந்து பாருங்கள். ரிசீவர் என்பது சதுர ஓட்டையுள்ள இரும்புக் குழாய். சின்ன கார்களில் ஒன்றேகால் அங்குலம், எஸ்யூவி, வேன், பிக்கப்பில் பெரும்பாலும் 2 அங்குலம். ரேக் கழன்றுவிடாமல் குறுக்கே சொருகும் ‘பின்’ (pin) என்ற ஆணியின் அளவும் அதற்கேற்ப மாறும்: ஒன்றேகாலுக்கு அரை அங்குலம், இரண்டுக்கு 5/8 அங்குலம். இன்னும் ஹிட்ச் மாட்டவே இல்லை, காரும் இடம் கொடுக்கும் என்றால் 2 அங்குலமே மாட்டிவிடுங்கள். நல்ல ரேக்குகளில் பலவற்றை அந்த அளவை வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள். ஒன்றேகாலை இரண்டாக்கும் அடாப்டர் கிடைக்கிறது. ஆனால் அது ரேக்கை இன்னும் சில அங்குலம் பின்னால் தள்ளும், தாங்கும் எடையைக் குறைக்கும், ஆட்டத்துக்கு இன்னொரு மூட்டைச் சேர்க்கும். மூன்றும் வேண்டாத விஷயங்கள்.

அடுத்து எடைக் கணக்கு. ஹிட்ச்சில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இரண்டு எண் இருக்கும். இழுக்கும் எடை நமக்குத் தேவையில்லை. ‘டங் வெயிட்’ என்று இருப்பதுதான் நம்முடையது, அதாவது ஹிட்ச்சைக் கீழ்நோக்கி அழுத்தும் எடை. கிளாஸ் 1, அதாவது இருப்பதிலேயே சின்ன வகை ஹிட்ச் என்றால் வழக்கமாக 200 பவுண்டு. ரேக் 55, ஆளுக்கு 65 பவுண்டில் இரண்டு இ-பைக் என்று போட்டால் 185 வந்துவிடும். தாங்கும் என்று தோன்றும். ஆனால் அந்த 200, டிரெய்லரைக் கோக்கும் இரும்புப் பந்துக்குச் சொன்னது. பந்து, பின் ஓட்டையிலிருந்து ஏறக்குறைய முக்கால் அடி தள்ளி உட்காரும். சைக்கிள்கள் அதைவிட வெகுதூரம் பின்னால் நிற்கும். நான்கு சைக்கிள் ரேக்கில் கடைசி சைக்கிள் நான்கு அடி தள்ளி நிற்கிறது என்று வையுங்கள். பந்தின் மேல் 35 பவுண்டு வைத்தால் வரும் முறுக்கைவிட, அங்கே வைத்த 35 பவுண்டு ஐந்து மடங்குக்கு மேல் முறுக்கும். பள்ளத்தில் விழும்போது இன்னும் கூடும். அதனால் ஹிட்ச், ரேக், கார் மேனுவல் மூன்றையும் பார்த்து, எது சொல்லும் எண் சின்னதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கனமான சைக்கிள் எப்போதும் காரை ஒட்டிய தட்டில். இ-பைக் பேட்டரியைக் கழற்றி உள்ளே வைத்தால் ஆறேழு பவுண்டு குறையும், மழைத் தண்ணீரும் கனெக்டரில் இறங்காது.

தொங்கும் வகையா, தட்டு வகையா? தொங்கும் வகை விலை குறைவு, எடை குறைவு, சைக்கிளை அடிக்கடி ஏற்றாதவருக்குப் போதும். ஆனால் சைக்கிள் ஊஞ்சலாடும். ஒன்றின் பெடல் மற்றொன்றின் ஸ்போக்குக்குள் போய் மாட்டும், பெயின்ட் உரியும். குறுக்கு பார் இல்லாத லேடீஸ் சைக்கிளுக்கும் குழந்தைகள் சைக்கிளுக்கும் தனியாக ஒரு அடாப்டர் கம்பி மாட்ட வேண்டும். கார்பன் ஃபிரேம் என்றால் ஃபிரேமைப் பிடிக்கும் எதுவும் வேண்டாம், சக்கரத்தை மட்டும் பிடிக்கும் தட்டுதான். அதிலும் ஒரு சிக்கல்: மட்கார்டு மாட்டிய சைக்கிளில் கொக்கிக் கை மட்கார்டை நசுக்கும். அப்படிப்பட்ட சைக்கிள் வீட்டில் இருந்தால், டயரை முன்னும் பின்னுமாக இரண்டு கைகளால் கவ்வும் வகையைத் தேடுங்கள்.

இனி ஆட்டம். இதில்தான் விலை குறைந்த ரேக்குக்கும் நல்ல ரேக்குக்கும் வித்தியாசம் தெரியும்.

ரிசீவருக்குள் நுழையும் சதுரக் கம்பி, ஓட்டையைவிடக் கொஞ்சம் சிறியதாகத்தான் இருக்கும், இல்லையென்றால் நுழையாது. அந்தச் சின்ன இடைவெளி நான்கு அடி தள்ளி அங்குலக் கணக்கில் ஆட்டமாகத் தெரியும். சும்மா சொருகும் பின் அதைக் கட்டுப்படுத்தாது. மரை உள்ள போல்ட் வகைப் பின், அந்தக் கம்பியைப் பக்கவாட்டில் ஒரு சுவரோடு இழுத்துப் பிடிக்கும். இடவலம் ஆடுவது நிற்கும், மேலும் கீழும் ஆடுவது மிச்சமிருக்கும். கம்பியின் மூலையில் ஆப்பு வைத்த ரேக்தான் சரியான தீர்வு. குமிழைத் திருகினால் ஆப்பு மூலைவாக்கில் தள்ளி, கம்பியை எதிர்ப்பக்க இரண்டு சுவர்களிலும் ஒருசேர அழுத்தும். கூடுதல் பணம் கொடுக்கத் தகுந்த ஒரே வசதி என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

இறுக்கும்போது ஒரு சின்ன விஷயம். ரேக்கின் எடை வால் பக்கம் தொங்கும்போதே திருகினால், கம்பி சாய்ந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். ஒருவர் வாலைக் கொஞ்சம் தூக்கி, மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க, மற்றவர் திருக வேண்டும். நின்றது என்று நினைத்தபின் ஒருமுறை ஆட்டினால் இன்னும் அரைச் சுற்று போகும். முதல் ஐம்பது மைலில் நிறுத்தி மறுபடி பார்த்தால் கால் சுற்று மிச்சமிருக்கும்.

உப்பு. நவம்பரில் மாட்டி மார்ச்சில் கழற்றப் போனால் வராது. ரிசீவரும் கம்பியும் துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். துரு இளக்கும் எண்ணெய், சுத்தியல், அரை நாள். குளிர்காலத்தில் ரேக்கை அப்படியே விட்டுவைப்பதுதான் இதற்குக் காரணம், கம்பெனி இல்லை. ரிசீவர் உள்பக்கத்தைக் கம்பி பிரஷால் தேய்த்து, சதுரக் கம்பிக்கும் போல்ட் மரைக்கும் துருவால் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ‘ஆன்ட்டி-சீஸ்’ பசையை மெல்லிசாகத் தடவுங்கள். ஆப்பின் முகத்தில் மட்டும் படக்கூடாது, பிடிப்புப் போய்விடும். பனிக்காலத்தில் மாதம் ஒருமுறை கழற்றி மாட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். ரேக் இல்லாத நாளில் ரிசீவருக்கு ரப்பர் மூடி.

ஏற்றும் வரிசை: முதல் சைக்கிளின் ஹேண்டில்பார் இடப்பக்கம் என்றால், அடுத்தது வலப்பக்கம். அப்படியும் ஹேண்டில்பார் பக்கத்துச் சைக்கிளின் சீட்டில் இடிக்கும். தட்டை இடவலமாக நகர்த்த முடிகிற ரேக் இருந்தால் சரிசெய்துவிடலாம், இல்லையென்றால் சீட்டை இறக்குங்கள். கொக்கிக் கை ஃபோர்க்குக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கத்தில் டயரில் படிய வேண்டும், ஃபோர்க்கிலோ பிரேக்கிலோ படக்கூடாது. அழுத்தியபின் சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளுங்கள். டயர் தட்டில் அமர்ந்து, கை இன்னும் இரண்டு ‘கிளிக்’ இறங்கும். காற்று குறைந்த டயர் ஓட ஓடத் தளரும், ஏற்றும் முன் காற்று பாருங்கள். பின்சக்கர வார் ரிம்மைச் சுற்றிப் போக வேண்டும், வால்வில் படாமல்.

பலர் கவனிக்காதது எக்ஸாஸ்ட் பைப். அதன் வாய்க்கு நேராக டயர் வந்தால், நெடுஞ்சாலையில் ஓட ஓட ரப்பர் உருகலாம். கார்பன் ரிம் என்றால் இழப்பு ரேக் விலையைவிட அதிகம். சைக்கிளைத் திருப்பி வைத்தாலோ, தட்டை நகர்த்தினாலோ போதும். அதற்கும் வழியில்லாவிட்டால் புகையைக் கீழே திருப்பும் குழாய் முனை கிடைக்கிறது. சைக்கிளுக்குப் போர்வை போட்டுக்கொண்டு ஓட்ட வேண்டாம். பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். பல ரேக் கம்பெனிகள் அதைத் தடைசெய்தே எழுதியிருக்கின்றன.

மினிவேனின் டிக்கிக் கதவு உயரம், வெளியே நிறையவே வீசித் திறக்கும். ரேக் சாய்ந்துகொடுக்கும் என்று விளம்பரத்தில் இருந்தாலும், சைக்கிளோடு சாய்த்தபின் கதவு முட்டாமல் திறக்கிறதா என்று வாங்கும் முன்பே அளந்துவிடுங்கள். காலை அசைத்தால் தானாகத் திறக்கும் கதவு என்றால் அந்த வசதியை அணைத்துவிடுங்கள். சைக்கிளை ஏற்றும்போது கால் பம்பருக்குக் கீழே போகும், கதவு எழுந்து ஹேண்டில்பாரில் மோதும். ரிவர்ஸ் எடுக்கும்போது சென்சார் கத்திக்கொண்டே இருக்கும், தானாக பிரேக் போடும் கார்கள் சட்டென்று நின்றும்விடும். காலி ரேக்கை மடக்கி நிறுத்தினால் பல கார்களில் நம்பர் பிளேட் மறைந்துபோகும், அதற்கு அபராதம் போடும் மாநிலங்கள் உண்டு.

ரேக்கோடு வரும் கேபிள் பூட்டு, காபி வாங்க ஐந்து நிமிடம் இறங்குவதற்கு மட்டும். மோட்டலில் இரவு என்றால் சைக்கிள் அறைக்குள்.

மூன்று வருடத்தில் தேய்ந்தவை: பின்சக்கர பிளாஸ்டிக் வார்கள் வெயிலில் வெளுத்து விரிசல் விட்டன, அவற்றை மாற்றியாயிற்று. கொக்கிக் கையின் ராட்செட் பல்லில் மணலும் உப்பும் சேர்ந்து நழுவ ஆரம்பித்தது. குழாய்த் தண்ணீரால் கழுவி, காயவிட்டு, சிலிகான் ஸ்ப்ரே அடித்ததும் சரியானது. கிரீஸ் வைத்தால் இன்னும் மண்ணைச் சேர்க்கும். சாய்க்கும் மூட்டிலுள்ள போல்ட் வருடம் ஒருமுறை தளர்ந்தது. மரை தளராமல் பிடிக்கும் நீல ‘லாக்டைட்’ பசை ஒரு சொட்டு விட்டு இறுக்கியபின் தளரவில்லை.

பழைய ரேக் வாங்குவதாக இருந்தால் வார், பூட்டு, பெயின்ட் எதைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம், அவை கடையில் கிடைக்கும். சதுரக் கம்பியில் பின் ஓட்டையைப் பாருங்கள். வட்டமாக இல்லாமல் முட்டை மாதிரி நீண்டிருந்தால், அல்லது மூட்டுக்கு அருகில் வெல்டிங்கில் துருக்கோடு ஓடியிருந்தால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அது பழைய இரும்புக்கடைச் சரக்கு.